ஆணியில் தொங்கிய இரண்டு ரொட்டிகள்

ஹோசியத் ரொட்டியைக் கடித்தபோது அவளுடைய தங்கப்பல் அதில் மாட்டிக்கொண்டது. வாசலில் வண்டி நின்றிருந்தது. ஹஜ்ஜுக்குப் போகிற மற்ற நாலு பேரும் ஏற்கனவே உள்ளே உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கன்னத்தைக் கையால் அழுத்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒருவழியாக ஒரு வாய் பிய்த்தெடுத்தாள்.

"பல்ல இங்கயே விட்டுட்டுப் போயிடாதீங்க அக்கா. அதையும் தொங்கவிட உங்க வீட்டுல ஆணி இல்ல," என்றாள் பக்கத்து வீட்டு ரோஹத்.

எல்லோரும் சிரித்தார்கள். மருமகள் மெஹ்ரியும் சிரித்தாள். அல்லது சிரிக்க வேண்டிய இடத்தில் உதட்டை அசைத்தாள். மீதி ரொட்டியை இரண்டு கையாலும் வாங்கி வெள்ளைத் துணியில் சுற்றினாள். போனவள் திரும்பி வந்து அந்த மீதியைத் தின்ன வேண்டும். அதுவரை அது சுவரில் தொங்கி அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இஸ்ஃபரா ஊரில் யார் தூரம் போனாலும் இப்படித்தான்.

புறப்படுவதற்கு முன் ஹோசியத் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டாள். மனிதர்களின் மனக்குறையை முதுகில் சுமந்துகொண்டு இறைவனின் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது. ரோஹத்திடம் கேட்டாள், தெருமுனைக் கடைக்காரரிடம் கேட்டாள், மகள் மவ்லூதாவைக் கட்டிக்கொண்டு கேட்டாள். கடைசியாக மெஹ்ரியிடம் வந்தாள்.

"நான் ஏதாவது சொல்லியிருந்தா, செஞ்சிருந்தா, பொறுத்துக்கோ மகளே."

"பொறுத்துக்கிட்டேன், ஓச்சா."

ஓச்சா என்றால் அம்மா. தேநீர் ஆகிவிட்டது என்று சொல்கிற அதே குரலில்தான் மெஹ்ரி அதைச் சொன்னாள். வண்டி நகர்ந்ததும், போனவள் நல்லபடியாகத் திரும்பட்டும் என்று மவ்லூதா பின்னால் ஒரு செம்பு தண்ணீரை வீசினாள். புழுதியில் தண்ணீர் உருண்டைகளாக ஓடி நின்றது.

உள்ளறைச் சுவரில், கதவுக்கு எதிரே, ஒரே ஆணிதான் உண்டு. அதில் ஏற்கனவே ஒரு துணி முடிச்சு தொங்கியது. உள்ளே இருப்பது மெஹ்ரியின் கணவன் பஹ்ரோம் கடித்துவிட்டுப் போன ரொட்டி. கல்யாணமாகி எட்டாவது மாதம் அவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனான். ஐந்து வருஷமாகிறது. முதலில் வாரம் ஒரு முறை பேசினான், பிறகு மாதம் ஒரு முறை. கடைசி இரண்டு வருஷமாக அந்த எண்ணில் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

இரண்டு வருஷம் முன்பு மெஹ்ரியின் அண்ணன் அவள் பிறந்த ஊரான கோனிபோதோமிலிருந்து அவளைக் கூட்டிப்போக வந்தான். ஹோசியத் அவனுக்குத் தேநீர் ஊற்றினாள், ஆப்ரிகாட் வைத்தாள், பிறகு சுவரைக் காட்டினாள்.

"அது தொங்குற வரைக்கும் இவ இந்த வீட்டுக் கெலின். புருஷன் சோறு சுவத்துல இருக்கறப்ப நீ எப்படிக் கூட்டிட்டுப் போவ?"

கெலின் என்றால் மருமகள். அண்ணன் தேநீரை முழுவதும் குடிக்காமலே போய்விட்டான். அதற்குப் பிறகு மெஹ்ரியின் அம்மா போனில் பேசும்போதெல்லாம், "கேட்டியா? உன்ன அனுப்பச் சொல்லி மாமியார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்பாள். மெஹ்ரி கேட்கவில்லை. ஹஜ்ஜுக்குப் புறப்படும் நாளில் கேட்கலாம் என்றிருந்தாள்; அன்று மறுக்க மாட்டார்கள். அன்றும் வாய் 'பொறுத்துக்கிட்டேன்' என்று சொன்னதோடு நின்றுவிட்டது. அவளுக்கு வயது இருபத்தேழு.

அந்த ஒரே ஆணியில் மாமியாரின் முடிச்சையும் மாட்டினாள். புதியது பழையதன்மேல் சாய்ந்துகொண்டது.

*

முதல் மூன்று நாள் பெருக்கவில்லை. போனவரின் காலடியைப் பெருக்கித் தள்ளினால் அவர் திரும்பும் வழி அழிந்துபோகும். முற்றத்தில் முசுக்கட்டைப் பழங்கள் விழுந்து நசுங்கி ஈ மொய்த்தன. இரண்டாம் நாள் சாயங்காலம் வந்த மவ்லூதா முற்றத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். அவள் பஹ்ரோமின் அக்கா. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அம்மா இல்லாத நாட்களில் வீட்டைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன கெலின், தொழுவமா?"

"மூணு நாள் பெருக்கக் கூடாதுல்ல அக்கா."

"வீட்டுக்குள்ளதான் கூடாது. முத்தத்த யாரு சொன்னா?"

"முத்தம் வழியாத்தான போனாங்க," என்றாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ரோஹத். "பறந்தா போனாங்க?"

மெஹ்ரி பெருக்கவில்லை. நாலாம் நாள் பெருக்கினாள்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. வியாழக்கிழமைதோறும் ஹோசியத் எண்ணெய் காய்ச்சி மெல்லிய ரொட்டி பொரிப்பாள். இறந்தவர்கள் அந்த வாசனையில் பசியாறிப் போவார்கள் என்பது வழக்கம். மெஹ்ரி எப்போதும்போல் வாணலியை அடுப்பில் வைத்தாள். மூன்று ரொட்டி பொரித்திருப்பாள், மவ்லூதா வாசலிலேயே கத்த ஆரம்பித்துவிட்டாள்.

"வாசனைய மோந்துட்டு வர்றது யாரு? செத்தவங்க! ஓச்சா வழியில இருக்காங்க, நீ எண்ணெயக் காச்சிட்டு இருக்க. அவங்களையும் அந்த வரிசையில நிறுத்தறியா?"

மெஹ்ரி அடுப்பை அணைத்தாள். மாலையில் ரோஹத் வந்து, "ஏன் நிறுத்தின? பழகினவங்களுக்குச் சோறு நின்னா பசியோட வழியில நிப்பாங்க. யாத்திரை போறவங்கள மறிப்பாங்க," என்றாள். ரோஹத் கடைத்தெருவில் ரொட்டி விற்பவள். ரொட்டி சம்பந்தப்பட்ட எதிலும் கடைசி வார்த்தை தன்னுடையது என்று நினைப்பாள். ஆறிப்போன மூன்றில் ஒன்றை எடுத்து மென்றுகொண்டே, "உப்பு போதல," என்றும் சொன்னாள்.

எண்ணெய் காய்ச்சினாலும் தவறு, காய்ச்சாவிட்டாலும் தவறு. எப்படி விளங்கிக்கொண்டாலும் பழி ஒரே இடத்தில்தான் விழுந்தது. இதில் கோபப்பட வேண்டும் என்று மெஹ்ரிக்குத் தெரிந்தது. கோபம் வருகிறதா என்று சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு வாணலியைக் கழுவினாள்.

ஹோசியத் இரண்டு நாளைக்கு ஒரு முறை வாட்ஸ்அப்பில் பேசினாள். சொல்வதெல்லாம் ஒன்றேதான்: வெயில், கூட்டம், கால் வீக்கம். முடிக்கும்போது, "ரொட்டி இருக்குல்ல?" என்று கேட்பாள். "இருக்கு ஓச்சா," என்பாள் மெஹ்ரி. எந்த ரொட்டி என்று அவளும் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை.

*

ஆப்ரிகாட் பழுத்துவிட்டது. காலையில் மரத்தை உலுக்குவது, பழத்தைப் பிளந்து கொட்டையை எடுப்பது, கூரைமேல் பரப்புவது, மாலையில் திருப்பிப்போடுவது. இந்த வேலைக்கு யோசனை தேவையில்லை. இரண்டு வாரம் இப்படியே போனது.

பத்தொன்பதாம் நாள் காலை, ஆணிக்கு நேர் கீழே தரையில் மாவு போல் ஒரு பொடி கிடந்தது. முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்; விரலில் ஒரு சிறு வண்டு ஏறியது. பழைய ரொட்டியில் வண்டு விழுந்திருந்தது. ஒட்டித் தொங்குகிற புதியதற்கும் பரவிவிடும். வெயிலில் காட்டினால் வண்டு ஓடிவிடும் என்பது அரிசிக்கும் மாவுக்கும் எல்லோரும் செய்வதுதான். அப்படித்தான் அவள் நினைத்தாள். அல்லது எதையும் நினைக்கவில்லை. கை தானாக முடிச்சுகளை இறக்கியது.

கூரைமேல், ஆப்ரிகாட்டுகளுக்குப் பக்கத்தில், துணிகளை விரித்து இரண்டையும் வைத்தாள். மாமியாரின் கடி சிறியது. தங்கப்பல் இழுத்த இடத்தில் ஓரம் கிழிந்திருந்தது. பஹ்ரோமின் கடி அகலமானது, வட்டமானது. ஐந்து வருஷத்தில் அந்த ரொட்டி பழுப்பேறி, பானை ஓடு போல் எடையற்றுப் போயிருந்தது. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு அவன் வாயை நினைத்துப் பார்த்தாள். மீசை உண்டா? கல்யாணப் படத்தில் உண்டு. கிளம்பும்போது இருந்ததா என்று தெரியவில்லை. கடித்த வளைவில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். மூன்று விரல் அடங்கியது.

கீழே கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. கையிலிருப்பதை நொறுக்கிக் கீழே போட்டால் கால் மணி நேரத்தில் ஒன்றும் மிஞ்சாது. வண்டு தின்றுவிட்டது என்று சொல்லலாம், பாதி உண்மையும்கூட. ஆணி காலியாகும். அண்ணன் வந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அவள் கூரை விளிம்பு வரை போனாள். சேவல் ஒன்று தலையைச் சாய்த்து மேலே பார்த்தது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று பிறகு யோசித்தபோது இரண்டு நிமிஷம் இருக்கும் என்று தோன்றியது. இன்னும் அதிகமாகவும் இருந்திருக்கலாம். திரும்பி வந்து ரொட்டியை அதன் துணியிலேயே வைத்தாள்.

மூன்று மணிக்கு மலைப்பக்கமிருந்து மேகம் வந்தது. நனைந்த ஆப்ரிகாட் கறுத்துப்போகும், யாரும் வாங்க மாட்டார்கள். மெஹ்ரி கூரைக்கு ஓடினாள். மவ்லூதாவும் எங்கிருந்தோ ஓடி வந்தாள். இருவரும் தட்டுத் தட்டாக அள்ளி இறக்கினார்கள். கடைசியில் மெஹ்ரி ரொட்டிகளை வாரி இடுப்பில் கட்டியிருந்த துணியில் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்கினாள். கீழே வந்து துணியை விரித்ததும் மவ்லூதாவின் கை வாய்க்குப் போனது.

"இது என்ன?"

"வண்டு விழுந்திருச்சு அக்கா. வெயில்ல காட்டலாம்னு..."

"இறக்கினியா? நீயா இறக்கினியா?" மவ்லூதாவின் குரல் கீச்சிட்டது. "ஆள் திரும்பி வந்தா இறக்குவாங்க. இல்லன்னா சாவுச் சேதி வந்தா இறக்குவாங்க. வேற எப்பவாவது இறக்கிப் பாத்திருக்கியா நீ? அதுலயும் குப்புற! ரொட்டியக் குப்புறப் போட்டிருக்க!"

உண்மைதான். இரண்டும் முகம் குப்புறக் கிடந்தன. இந்த ஊரில் கைக்குழந்தைகூட ரொட்டியைக் குப்புற வைக்காது. மெஹ்ரி அவற்றைத் திருப்பி வைத்தாள்.

"ஒண்ணு என் அம்மா, ஒண்ணு என் தம்பி," என்றாள் மவ்லூதா. "யாருக்கு என்ன ஆனாலும் உன் கைதான்."

*

அன்றிலிருந்து மக்காவிலிருந்து அழைப்பு வரவில்லை.

இருபதாம் நாள் வரவில்லை. இருபத்தொன்றாம் நாளும் இல்லை. மவ்லூதா போட்ட அழைப்புகள் மணியடித்து அடங்கின. இருபத்திரண்டாம் நாள் ஹஜ்ஜின் முக்கிய நாளான அரஃபா. அங்கே வெயிலில் பலர் மயங்கி விழுந்ததாகக் கடைத்தெருவில் யாரோ சொன்னார்கள். மவ்லூதா வந்து வீட்டுக்குள் நுழையாமல் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். மெஹ்ரி கொண்டுவந்த தேநீரை அவள் தொடவில்லை.

"உனக்குக் கண்ணுல தண்ணியே வராதா கெலின்? கல்லா நீ?"

அதே கேள்வியைத்தான் மெஹ்ரியும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிச்சுகளைப் பழையபடி ஆணியில் மாட்டியிருந்தாள். அவற்றின் கீழே உட்கார்ந்து, ஓச்சா இறந்துவிட்டாள் என்று நினைத்துப் பார்த்தாள். பஹ்ரோம் இறந்துவிட்டான் என்று நினைத்துப் பார்த்தாள். வெளியே பிளக்காத ஆப்ரிகாட் இன்னும் எத்தனை கூடை இருக்கிறது என்றுதான் மனசு கணக்குப் போட்டது.

"நீ பண்ணினதுல ஒண்ணுமில்ல," என்றாள் ரோஹத் வேலிமேல் கையை ஊன்றி. "வெயில்ல வச்சா ரொட்டிக்கு நல்லதுதான். போன்ல சார்ஜ் இருக்காது." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா குப்புறப் போட்டிருக்க வேணாம்," என்றாள்.

இருபத்திநாலாம் நாள் மதியம் மெஹ்ரியின் போன் அடித்தது. ஹோசியத்தின் குரல் கம்மியிருந்தது. கூட்டத்தில் போன் தொலைந்ததாம். யாருடைய போனிலிருந்தோ பேசுகிறாள். "நல்லா இருக்கேன். எல்லாம் முடிஞ்சுது. மவ்லூதாகிட்டச் சொல்லு." வழக்கமாகக் கேட்கும் கேள்வியை அவள் இந்த முறை கேட்கவில்லை.

சேதி கேட்ட மவ்லூதா இரண்டு முறை இறைவனுக்கு நன்றி சொன்னாள். மூன்றாவது மூச்சில், "அப்ப இது தம்பிக்கு," என்றாள்.

*

முப்பத்தாறாம் நாள் ஹோசியத் வந்தாள். மெலிந்து, கறுத்து, வெள்ளை உடுப்பில் வேறு யாரோ போல் இருந்தாள். ஹஜ்ஜிலிருந்து திரும்புபவர்களுக்குப் பெரிய விருந்து வைக்க அந்த நாட்டுச் சட்டம் விடாது. அதனால் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் ரோஹத்தும் மட்டும் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஹோசியத் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரைச் சிறு கிண்ணங்களில் பங்கிட்டாள். மெஹ்ரி புதிய முடிச்சை இறக்கி அவிழ்த்து அவள் முன்னால் வைத்தாள்.

மவ்லூதாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "ஓச்சா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க இல்லாதப்ப இவ ரெண்டு ரொட்டியையும் இறக்கினா. குப்புறப் போட்டா. நீங்க தப்பிச்சு வந்துட்டீங்க. என் தம்பி கதி என்னாகுமோ."

ஹோசியத் தன் ரொட்டியைத் தேநீரில் நனைத்தாள். கடைவாயில் ஒதுக்கி மெதுவாக மென்றாள். துளி மிச்சமில்லாமல் தின்றாள். மடியில் விழுந்த பொருக்கையும் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

"அதையும் இறக்கு மெஹ்ரி," என்றாள்.

மெஹ்ரி எழுந்து போய் இறக்கினாள்.

"ஓச்சா, அது அவன் வந்து..." என்றாள் மவ்லூதா.

"அவன் வர மாட்டான். அங்க அவனுக்கு வீடு இருக்கு, ஒரு பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க. ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். ரோஹத் போன்லதான் பேசிட்டு இருந்தேன்."

ரோஹத்துக்குத் திடீரென்று கெட்டிலில் வேலை வந்துவிட்டது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"எல்லார் முன்னாடியும் இத எதுக்கு இப்ப!" என்றாள் மவ்லூதா. அவள் குரலில் அதிர்ச்சி இல்லை, எரிச்சல்தான் இருந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று மெஹ்ரிக்கு அப்போதுதான் விளங்கியது. தனக்கும் எங்கோ ஓர் ஓரத்தில் தெரிந்திருக்குமோ என்று யோசித்தாள். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஹோசியத் பழைய ரொட்டியை முழங்காலில் வைத்து உடைத்தாள். ஓடு உடைவதுபோல் சத்தம் வந்தது. ஒரு வண்டு விரிப்பில் விழுந்து ஓடியது. துண்டுகளைக் கிண்ணத்தில் போட்டு, மேலே ஜம்ஜம் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டாள்.

"கடிச்சவன்தான திங்கணும்," என்றார் ஒரு மாமா.

"நான் பெத்த வாய்தான அது," என்றாள் ஹோசியத்.

ஊற நேரமெடுத்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் ஒவ்வொரு துண்டாகத் தின்றாள். இரண்டு முறை தொண்டையில் அடைத்தது, தண்ணீர் குடித்தாள். முடித்ததும் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதைச் சுற்றி, முடிச்சு உரசிய இடத்தில், ஒரு அழுக்கு வட்டம்.

"உங்க அண்ணனை வரச் சொல்லு," என்றாள் மெஹ்ரியைப் பார்க்காமல். "பிரியறதுக்கு என்ன காகிதம் வேணுமோ பஹ்ரோம்கிட்டக் கையெழுத்து வாங்கித் தர்றது என் பொறுப்பு."

வந்தவர்கள் போன பிறகு மெஹ்ரி கிண்ணங்களைக் கழுவினாள். ஹோசியத் அருகில் வந்து நின்றாள். துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டாள், துடைக்கவில்லை.

"அங்க எல்லாரும் அழுதாங்க. பக்கத்துல நின்னவ மயக்கம் போட்டு விழுந்தா. எனக்கு அழுகையே வரல. கண்ண மூடினா இந்த ஆணிதான் தெரிஞ்சுது." துணியைக் கையில் சுற்றிக்கொண்டாள். "அன்னைக்குப் பொறுத்துக்கிட்டேன்னு சொன்னியே. நிஜமாவா?"

"அது வாய் சொன்னது ஓச்சா."

"இப்ப?"

மெஹ்ரி கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிக் கழுவினாள். உள்ளே எதையாவது தேடி எடுத்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒன்றும் அகப்படவில்லை. "தெரியல," என்றாள்.

ஹோசியத் தலையாட்டினாள். துணியை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

*

அதிலிருந்து ஐந்தாம் நாள் அண்ணன் காரோடு வந்தான். இந்த முறை தேநீரை முழுவதும் குடித்தான். மெஹ்ரியின் பொருட்கள் ஒரு பெட்டியிலும் இரண்டு மூட்டையிலும் அடங்கிவிட்டன. ஹோசியத் விடியற்காலையிலேயே தந்தூர் அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். சூடு ஆறாத ஒரு ரொட்டியைத் துணியில் ஏந்தி வாசலுக்கு வந்தாள்.

மெஹ்ரி பழக்கத்தில் அதை வாங்கி வாய்க்குக் கொண்டுபோனாள். ஹோசியத் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கடிக்காத. முழுசாக் கொண்டு போ."

மெஹ்ரி ரொட்டியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள், முகம் மேலே இருக்கும்படி. வேலிக்கு அந்தப் பக்கம் ரோஹத் நின்றிருந்தாள். யாரும் தண்ணீர் வீசவில்லை. கார் தெருமுனையில் நின்றதால் அதுவரை நடக்க வேண்டியிருந்தது. மூட்டையோடு அண்ணன் முன்னால் போனான்.

முதல் பாப்ளார் மரத்தைத் தாண்டுவதற்குள் பின்னால் துடைப்பத்தின் சத்தம் கேட்டது. சரக், சரக் என்று, வாசற்படியிலிருந்து வெளிநோக்கி.

"ஓச்சா!" மவ்லூதாவின் குரல். "அவ இன்னும் தெருவத் தாண்டல, அதுக்குள்ள பெருக்குறீங்களே! திரும்பி வர மாட்டா!"

"தெரிஞ்சுதான் பெருக்குறேன்," என்றாள் ஹோசியத்.

துடைப்பம் நிற்கவில்லை. மெஹ்ரி திரும்பிப் பார்க்கவில்லை. பையின் அடியில் ரொட்டியின் சூடு தொடையில் பட்டது. அதை உணர முடிந்தது. அவள் மறு கைக்குப் பையை மாற்றிக்கொண்டு காரை நோக்கி நடந்தாள்.